பிள்ளைகளின் நீச்சல் போட்டி: வேலூர் பக்கத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

என் இரண்டு பிள்ளைகளும் நீந்துகிறார்கள். மாவட்டப் போட்டிகளில் ஸ்டாப்வாட்ச் பிடிக்கும் வேலைக்கு நானும் போவதுண்டு. அதனால் நீச்சல் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தாலே காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம், ஆற்காடு என்று பல ஊர்ப் பெற்றோர் பக்கத்தில் வந்து சந்தேகம் கேட்பார்கள். ஊர்தான் வேறு, கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

விதிகள் எல்லாம் பொதுவாக எங்கும் பின்பற்றப்படுபவை. ஆனாலும் ஒவ்வொரு போட்டிக்கும் தனிச் சுற்றறிக்கை வரும். அதை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

சார், பையன் நல்லாவே நீந்துறான். போட்டிக்கு எப்போ அனுப்பலாம்?

மூன்று விஷயம் பாருங்கள். நிற்காமல், கயிற்றைப் பிடிக்காமல் 50 மீட்டர் போகிறானா? கரையிலிருந்து தலை முன்னால் போகும்படி குதித்து, மேலே வந்ததும் தடுமாறாமல் நீந்தத் தொடங்குகிறானா? தன் லேனுக்குள், அதாவது கயிறு கட்டிப் பிரித்த தடத்துக்குள், நேராகப் போகிறானா? இவை வந்துவிட்டால் 8 வயதானாலும் சரி, 13 வயதானாலும் சரி, அனுப்பலாம். வேகத்தைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம்: அவனுக்கு ஆசை இருக்கிறதா? கோச் முன்னாலோ உறவினர் முன்னாலோ கேட்காதீர்கள், தலையாட்டிவிடுவான். வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது கேளுங்கள். தயங்கினால், முதலில் ஒரு போட்டிக்கு வேடிக்கை பார்க்க மட்டும் அழைத்துப் போங்கள். தன் வயதுப் பிள்ளைகள் தொபுக்கென்று குதித்து நீந்துவதைப் பார்த்தபிறகு நிறையப் பேர் தாங்களாகவே "நானும் போறேன்" என்பார்கள்.

எம்பையன் ஊர்ல கெணத்துல கத்துக்கிட்டவன். குளத்துப் பசங்களோட போட்டி போட முடியுமா?

தாராளமாக. அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம் பக்கமிருந்து வரும் பிள்ளைகளில் பலர் முதுகில் பிளாஸ்டிக் கேன் கட்டிக்கொண்டு விவசாயக் கிணற்றில் கற்றவர்கள்தான். அவர்களிடம் தண்ணீர் பயமே இருக்காது. ஆழம் என்றால் கை கால் நடுங்கும் குளத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத பெரிய பலம் அது.

மாற்ற வேண்டியவை சில உண்டு. கிணற்றில் எதிரே யார் வருகிறார்கள் என்று பார்க்கத் தலையைத் தூக்கியே நீந்திப் பழகியிருப்பான். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே இறங்கும், வேகம் பாதியாகும். காகிள்ஸ் போட்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூச்சை உள்ளேயே குமிழியாக விட்டு, பக்கவாட்டில் திரும்பி இழுக்கப் பழக வேண்டும். இதுதான் கொஞ்ச நாள் பிடிக்கும். அடுத்தது தூரம். கிணற்றில் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும். ஒரே திசையில் 25 மீட்டர் போவது அவனுக்குப் புதிது. ஒழுங்காக வந்தால் ஒரு கோடை விடுமுறைக்குள் இரண்டும் சரியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. போட்டிக்கு டைவ் கற்ற பிள்ளை ஊருக்குப் போய்க் கிணற்றில் அதைச் செய்துகாட்ட நினைப்பான். சித்திரை, வைகாசியில் தண்ணீர் இறங்கிப் பாறை தெரியாமல் கிடக்கும். கிணற்றிலோ ஏரியிலோ பாலாற்று மடுவிலோ தலைகீழாகக் குதிக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். நீச்சல் குளத்திலும் ஆழம் குறைந்த பக்கம் டைவ் கூடாது. ஸ்டார்ட்டிங் பிளாக் (குதித்துக் கிளம்பும் மேடை) இருக்கும் இடத்தில் குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் வேண்டும் என்பது சர்வதேச விதி.

தினமும் தண்ணியில கிடந்தா சளி பிடிக்காதா? பொண்ணு கறுத்துப்போறான்னு மாமியார் வேற சொல்றாங்க.

சளி கிருமியால் வருகிறது. குளிர்ந்த தண்ணீர் அதைக் கொண்டுவராது. காய்ச்சல், காதில் சீழ், கண் சிவப்பு, வயிற்றுப்போக்கு இருந்தால் குளத்துக்கு வரவேண்டாம். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு இருக்கும் பிள்ளை என்றால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள், கோச்சிடமும் சொல்லிவிடுங்கள். நிறம் மாறுவது வெயிலால். காலை 8 மணிக்கு முன் அல்லது சாயங்காலம் வந்தால் அவ்வளவாகத் தெரியாது. மாமியாரை ஒருநாள் போட்டிக்கு அழைத்து வாருங்கள். பேத்தி பெயரை மைக்கில் சொல்லும்போது முதலில் எழுந்து நிற்பவர் அவராகத்தான் இருப்பார்.

நீந்தினா உயரமா வளருவாங்களாமே?

உயரம் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவது. உயரமான பிள்ளைகளுக்கு நீச்சல் கொஞ்சம் சாதகம் என்பதால் போட்டிகளில் அவர்கள் அதிகம் தெரிகிறார்கள்.

நாங்க ஆம்பூர்ல இருக்கோம். வேலூர் குளத்துக்குத்தான் வர்றோம். எந்த மாவட்டம் சார்பா போறது?

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானதிலிருந்து இந்தக் குழப்பம் தீரவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் ராணிப்பேட்டை மாவட்டம். காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு வேலூரிலேயே இருக்கின்றன. எந்தக் குளத்தில் பயிற்சி எடுக்கிறீர்கள் என்பதை வைத்து மாவட்டம் முடிவாவதில்லை. முதலமைச்சர் கோப்பை, பள்ளிக் கல்வித்துறைப் போட்டி, நீச்சல் சங்கப் போட்டி என்று ஒவ்வொன்றுக்கும் பள்ளி இருக்கும் இடமா, வீட்டு முகவரியா என்று தனித்தனியாகச் சுற்றறிக்கையில் போட்டிருப்பார்கள். பள்ளி வழியாகப் போவதென்றால் பி.இ.டி. ஆசிரியரிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

வயதும் அப்படித்தான். பள்ளி விளையாட்டுகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிப்பார்கள். சங்கப் போட்டிகளில் குரூப் வாரியாக இருக்கும். பிறப்புச் சான்றிதழ், ஆதார் இரண்டிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருந்ததற்காகக் காலை 7 மணிக்குப் பதிவு மேசை முன்னால் கண் கலங்கி நிற்கும் அம்மாக்களைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். பள்ளியில் போனஃபைட் சான்றிதழும் இரண்டு மூன்று பாஸ்போர்ட் அளவுப் படமும் வாங்கி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

எத்தனை ஈவென்ட்ல பேர் குடுக்கலாம்? நாலுலயும் குடுத்துடட்டுமா?

முதல் போட்டிக்கு இரண்டு போதும். ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை என்று நீச்சல் முறை (ஸ்ட்ரோக்) நான்கு. ஒன்று அவனுக்கு நன்றாக வரும் ஸ்ட்ரோக்கில் 50 மீட்டர். இன்னொன்று கோச் சொல்வது. எல்லாவற்றிலும் பெயர் கொடுத்தால் பிள்ளை நாள் முழுக்க ஈரத்தோடு ஓடிக்கொண்டிருப்பான், எதையும் அனுபவிக்க முடியாது. ரிலேயில் இடம் கிடைத்தால் மட்டும் விடாதீர்கள். தனியாக நீந்தப் பயப்படும் பிள்ளைகூட ரிலேயில் நண்பர்களின் கூச்சலைக் கேட்டதும் வேறு ஆளாகிவிடும்.

படிவத்தில் என்ட்ரி டைம் என்று ஒரு கட்டம் இருக்கும். முன்பு நீந்திய நேரம் இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் காலியாக விடுங்கள். நேரம் இல்லாதவர்களை மெதுவான ஹீட்டில், அதாவது மெதுவாக நீந்துபவர்களின் சுற்றில், போடுவார்கள். முதல்முறை போகும் பிள்ளைக்கு அதுதான் நல்லதும்.

என்னென்ன வாங்கணும்? செலவு எவ்வளவு ஆகும்?

உடம்போடு ஒட்டிய நீச்சல் உடை, சிலிக்கான் கேப், காகிள்ஸ் இரண்டு, துண்டு இரண்டு, ஹவாய் செருப்பு, ஒரு ஜாக்கெட். இவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் விலை போகும் ரேஸ் உடை இந்த வயதில் தேவையே இல்லை. அந்தப் பணத்துக்கு இரண்டு மாதக் குளக் கட்டணம் கட்டலாம். தொளதொள ஷார்ட்ஸ் மட்டும் வேண்டாம், தண்ணீரை அள்ளிக்கொண்டு பின்னால் இழுக்கும். மகளுக்கு முழங்கால் தாண்டிய முழு உடைதான் வசதி என்றால், பெயர் கொடுக்கும்போதே ஏற்பாட்டாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போட்டி நாளில் நடுவரிடம் விவாதிக்கும் நிலை வரக்கூடாது.

புது காகிள்ஸைப் போட்டி நாளில் முதன்முறையாகப் போடாதீர்கள். பட்டையை இறுக்கிச் சரிபார்த்து ஒரு வாரமாவது அதில் குதித்துப் பழக வேண்டும். நீளமான முடி இருந்தால், எண்ணெய் வைக்காமல் நல்ல தண்ணீரில் நனைத்து, தாழ்வான கொண்டையாகச் சுற்றிக் கேப் போடுங்கள். ஏற்கனவே நனைந்த முடி குளோரின் தண்ணீரைக் குறைவாகத்தான் இழுக்கும்.

போட்டிக்கு முன்னாடி என்ன சாப்பிடக் குடுக்கணும்? குளுக்கோஸ் குடுக்கலாமா?

வழக்கமாகச் சாப்பிடுவதைக் கொடுங்கள். நீந்துவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பு மூன்று நான்கு இட்லி, சட்னி காரம் கம்மியாக. பொங்கல் என்றால் நெய் குறைவாக. பூரி, வடை வேண்டாம். அதற்குப்பிறகு பசித்தால் ஒரு வாழைப்பழம், இரண்டு பேரீச்சம்பழம். ஈவென்ட்டுகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி இருந்தால் கொஞ்சம் தயிர்சாதம். தண்ணீரில் இருப்பதால் வேர்ப்பது தெரியாது, ஆனால் வேர்க்கும். மடக்கு மடக்காகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர் மே மாத வெயிலில் இது இரண்டு மடங்கு முக்கியம்.

குளுக்கோஸ் பொடியைக் கைநிறைய வாயில் கொட்டுவதைப் போட்டிக்குப் போட்டி பார்க்கிறேன். 50 மீட்டர் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், அதற்குத் தேவையான சக்தி காலை இட்லியிலேயே இருக்கிறது. வெறும் பொடியை விழுங்கினால் சில பிள்ளைகளுக்கு வயிறு பிரட்டும். எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம். பிரியாணி ஆசை இருந்தால் எல்லாம் முடிந்து திரும்பும் வழியில் ஆம்பூரில் நிறுத்தி நிம்மதியாகச் சாப்பிடுங்கள். பையன் காலையிலிருந்து அதற்காகக் காத்திருப்பான்.

கடைசி வாரம் காலை, சாயங்காலம் ரெண்டு வேளையும் அனுப்பவா?

வேண்டாம். கடைசி வாரத்தில் கோச் பயிற்சித் தூரத்தைக் குறைப்பார். அப்போதுதான் உடம்பு தேறி வேகம் வெளியே வரும். "ஃபீஸ் கட்டியிருக்கோம், ஏன் சீக்கிரம் விடுறாங்க?" என்று கேட்காதீர்கள். அந்த வாரம் டைவ், திரும்புதல், சுவரைத் தொடுதல், இவற்றையே திரும்பத் திரும்பச் செய்யட்டும். இரவு 9 மணிக்குள் படுக்கை. போட்டிக்கு முந்தைய ராத்திரி தூக்கம் வராமல் புரண்டாலும் பரவாயில்லை, அதற்கு முந்தைய இரண்டு மூன்று இரவுகள் நன்றாகத் தூங்கியிருந்தால் போதும்.

இங்க 25 மீட்டர் குளத்துலதான் பயிற்சி. மாநிலப் போட்டி 50 மீட்டர்னு சொல்றாங்களே?

சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகத்துக்கு முதன்முறை போகும் நம் பிள்ளைகள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கரையே வரல." 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய பெரிய குளம் அது. 25 மீட்டர் குளத்தில் நடுவில் ஒருமுறை சுவரை உதைத்துக்கொண்டு கிளம்பலாம். 50 மீட்டர் குளத்தில் அந்த உதை கிடையாது. அதனால் அங்கே நேரம் கொஞ்சம் கூடத்தான் ஆகும், பிள்ளை பின்தங்கிவிட்டதாக நினைக்காதீர்கள்.

இங்கிருந்தே பழகலாம். சுவருக்கு ஒரு கை தூரம் முன்பே தண்ணீருக்குள்ளேயே திரும்பி, உதைக்காமல் மறுபடி நீந்தச் சொல்லுங்கள். வாரத்துக்குச் சில தடவை இதைச் செய்தால் நடுவில் மூச்சு வாங்குவது குறையும். முடிந்தால் முந்தைய நாளே காட்பாடியில் ரயில் ஏறிப் போய், சாயங்காலம் வார்ம்அப்புக்கு விடும் நேரத்தில் அந்தத் தண்ணீரில் ஒருமுறை இறக்கிவிடுங்கள்.

போட்டி நாள் அன்னிக்கு என்ன நடக்கும்? எனக்கே படபடப்பா இருக்கு.

காலையில் பதிவு, பிறகு வார்ம்அப். வார்ம்அப்பைத் தவறவிடக்கூடாது. தண்ணீர் எவ்வளவு குளிர், சுவர் வழுக்குகிறதா, பிளாக் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக் பிள்ளைகளுக்காகக் குறுக்கே கட்டிய கொடிகள் சுவருக்கு 5 மீட்டர் முன்னால் இருக்கும். கொடியிலிருந்து எத்தனை கை போட்டால் சுவர் வருகிறது என்று எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். மார்கழி, தை மாதக் காலையில் தண்ணீர் சில்லென்று இருக்கும், இறங்குமுன் கரையில் கொஞ்சம் ஸ்கிப்பிங் ஆடச் சொல்லுங்கள்.

ஈவென்ட் பட்டியலை ஒட்டியதும் பால்பாயிண்ட் பேனாவால் பிள்ளையின் முன்கையில் ஈவென்ட், ஹீட், லேன் மூன்றையும் எழுதிவிடுங்கள். மைக் சத்தத்தில் எதுவும் காதில் விழாது, கையைப் பார்த்தால் புரிந்துவிடும். ஃபர்ஸ்ட் கால் (வரிசைக்கு வரச்சொல்லும் முதல் அழைப்பு) சொல்லும்போதே கழிப்பறைக்கு அனுப்பிவிட்டு வரிசைக்கு அனுப்புங்கள்.

பிளாக் பக்கம் போனதும் இப்படி நடக்கும். குட்டிக் குட்டியாகச் சில விசில்: துண்டு, ஜாக்கெட்டை எடுத்துவிட்டுத் தயாராகு. ஒரு நீண்ட விசில்: பிளாக் மேல் ஏறு. 'டேக் யுவர் மார்க்ஸ்' என்றதும் குனிந்து அசையாமல் நில். ஒலி கேட்டதும் குதி. பேக்ஸ்ட்ரோக் என்றால் முதல் நீண்ட விசிலுக்குத் தண்ணீரில் இறங்கி, இரண்டாவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டும். வீட்டுத் திண்ணையில் நீங்கள் விசில் ஊத, பிள்ளை இதையே பத்து தடவை விளையாட்டாகச் செய்து பார்க்கட்டும். பயத்தில் பாதி, என்ன நடக்கும் என்று தெரியாததால் வருவது.

வரிசையில நிக்கும்போது அழுதுட்டா என்ன பண்றது?

அழட்டும். பெரிய வீரர்களுக்கும் வயிற்றைக் கலக்கும். "பயப்படாதே" என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. "ஆமா, முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லித் தோளில் துண்டைப் போர்த்துங்கள். அப்புறம் சின்னதாக ஒரு வேலை கொடுங்கள்: "குதிச்சு வெளிய வந்ததும் முதல் மூணு கை மூச்சு எடுக்காம போ." மனம் அதில் போய்விடும். அப்படியும் முடியாது என்றால் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பிளாக்கிலிருந்து எந்தப் பிள்ளையையும் தள்ளிவிடக்கூடாது, கோச்சே செய்தாலும் தடுங்கள்.

குதிச்சதும் காகிள்ஸ் கழண்டுடுச்சுன்னா?

நிற்காமல் நீந்த வேண்டும். அவ்வளவுதான் பதில். ஆனால் சொன்னால் மட்டும் போதாது, பழக வேண்டும். போன தடவை நான் நேரம் பார்த்த லேனில் ஒரு சிறுமிக்குக் காகிள்ஸ் வாய்க்கு இறங்கிவிட்டது. பட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டே 50 மீட்டரையும் முடித்து, சுவரைத் தொட்டபிறகுதான் அதை எடுத்தாள். பயிற்சியில் வாரத்துக்கு ஒருமுறை காகிள்ஸ் இல்லாமல் ஒரு தூரம் நீந்த வைத்தால் இந்தத் தைரியம் வந்துவிடும். காகிள்ஸ் பட்டையைக் கேப்புக்கு உள்ளே வைத்துப் போடுவதும், குதிக்கும்போது தாடையை நெஞ்சோடு சேர்த்து வைப்பதும் கழலாமல் காக்கும்.

எம்பையன்தான் முதல்ல வந்தான். டிஸ்குவாலிஃபைன்னு சொல்லிட்டாங்க. அநியாயம் இல்லையா?

முதலில் காரணத்தை மரியாதையாகக் கேளுங்கள், சொல்வார்கள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை இரண்டிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். சின்னப் பிள்ளைகள் அவசரத்தில் ஒரு கையால் தொட்டுவிடுவார்கள், நான் பார்த்தவரை அதிகம் மாட்டுவது இதில்தான். பேக்ஸ்ட்ரோக்கில் மல்லாந்தபடியே முடிக்க வேண்டும், சுவர் வருகிறதா என்று குப்புறத் திரும்பிப் பார்த்தால் போச்சு. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் பாதம் வெளிப்பக்கம் திரும்பி உதைக்க வேண்டும், கத்தரிக்கோல் மாதிரி ஒரு கால் மேலும் கீழும் போகக்கூடாது. ஒலிக்கு முன்பே கிளம்பினால் எச்சரிக்கை இல்லாமலே நீக்கம்.

ஃப்ரீஸ்டைலில் கொஞ்சம் தாராளம் உண்டு. களைத்துப்போய்த் தரையில் கால் ஊன்றி நின்றாலும் நீக்க மாட்டார்கள். ஆனால் நடக்கக் கூடாது, லேன் கயிற்றைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதல் போட்டிக்கு ஃப்ரீஸ்டைலைச் சிபாரிசு செய்வது இதனால்தான். நீக்கப்பட்ட பிள்ளை முன்னால் நடுவரைத் திட்டாதீர்கள். விதி என்பது ஆள் பார்த்து மாறுவது என்று அவன் நினைத்துக்கொள்வான். அன்றைக்கே கோச்சோடு அந்தச் சுவர்த் தொடுதலை நான்கு முறை செய்து பார்த்தால் அடுத்த தடவை மறக்க மாட்டான்.

எங்க ஸ்டாப்வாட்ச்ல 38 வந்துச்சு. அவங்க 39 போட்டிருக்காங்க?

நீங்கள் படிக்கட்டிலிருந்து பார்க்கிறீர்கள். கை சுவரைத் தொடுவது அங்கிருந்து சரியாகத் தெரியாது. நாங்கள் லேன் முனையில் குனிந்து பார்க்கிறோம். ஒரு லேனுக்கு மூன்று வாட்ச் இருந்தால், இரண்டு ஒத்துப்போனால் அந்த நேரம், மூன்றும் வேறுவேறு என்றால் நடுவில் இருக்கும் நேரம். இரண்டே வாட்ச் என்றால் சராசரி. அதனால் ஒருவர் கை தாமதித்தாலும் பெரிதாகப் பாதிக்காது.

ஹீட்ல முதல்ல வந்தான், மெடல் குடுக்கலையே?

நிறையப் போட்டிகளில் தனி ஃபைனல் கிடையாது. எல்லா ஹீட்டின் நேரத்தையும் ஒன்றாக அடுக்கி முதல் மூன்று பேரை எடுப்பார்கள். என்ட்ரி டைம் இல்லாதவர்களை மெதுவான ஹீட்டில் போடுவதை மேலே சொன்னேன். அந்த ஹீட்டில் முதலில் வந்தும் மொத்தத்தில் பத்தாவதாக இருக்கலாம். இதைப் போட்டிக்கு முன்பே பிள்ளையிடம் விளக்கிவிடுங்கள். மேடை பக்கம் ஓடிப்போய் ஏமாந்து திரும்பும் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

பொண்ணுக்கு அந்த நாள் பீரியட்ஸ் வந்துடும்போல. மாத்திரை குடுத்துத் தள்ளிப்போடலாமா?

மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். கோயில், கல்யாணம் என்று பெரியவர்கள் போட்டுக்கொள்கிறார்கள் என்பதற்காக வளரும் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது. நாப்கின் தண்ணீரில் பயன்படாது. டாம்பான், மென்ஸ்ட்ருவல் கப் இரண்டும் பயன்படும், ஆனால் அவளுக்கே வசதியாகத் தோன்ற வேண்டும், முன்பே பழகியிருக்கவும் வேண்டும். வயிற்று வலி இல்லை, நீந்த விருப்பம் என்றால் நீந்தலாம், உடம்புக்கு ஒன்றும் ஆகாது. வேண்டாம் என்றால் அதுவும் சரி. கோச் ஆணாக இருந்தால் "இன்னிக்கு வரல சார்" என்ற ஒரு வார்த்தை போதும், காரணம் கேட்டுத் துருவாத கோச்சாகப் பார்த்துச் சேர்த்திருக்க வேண்டும்.

கடைசியா வந்துட்டா அவகிட்ட என்னன்னு சொல்றது?

உடனே ஒன்றும் சொல்ல வேண்டாம். துண்டைக் கொடுங்கள், தண்ணீர் கொடுங்கள். அவளாகப் பேச ஆரம்பித்தபிறகு அவளுடைய பழைய நேரத்தையும் இன்றைய நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நோட்டில் தேதி, குளம் 25-ஆ 50-ஆ, ஸ்ட்ரோக், நேரம் என்று எழுதி வந்தால் இது சுலபம். 52 வினாடி 50 ஆகியிருந்தால், எட்டாவதாக வந்தாலும் அது கொண்டாட வேண்டிய நாள். நீச்சலில் பத்தில் ஒரு பங்கு வினாடிக்குக்கூட மதிப்பு உண்டு. நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ், 2021-இல் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 வினாடியில் முடித்து டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். தகுதி நேரம் 1 நிமிடம் 56.48. வித்தியாசம் பத்தில் ஒரு வினாடிதான்.

நேரமும் கூடியிருந்தால்? அதுவும் நடக்கும். வளரும் வயதில் உடம்பு மாறும்போது சில மாதங்கள் நேரம் அப்படியே நிற்கும், பின்னாலும் போகும். திரும்பும் வழியில் கை போட்ட விதத்தைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள், அது கோச்சின் வேலை. "என் கூட யார் நீந்தினாங்க தெரியுமா" என்று அவள் பேச நினைப்பதைக் கேளுங்கள்.

பக்கத்து லேன் பையன் ஒரே வயசு, ஆனா ஆள் ரெண்டு மடங்கு இருக்கான். வயசு மாத்திக் குடுத்திருப்பாங்களோ?

பெரும்பாலும் இல்லை. 12, 13 வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் குழந்தை மாதிரி இருப்பான். சீக்கிரம் வளர்ந்தவன் அந்த இரண்டு வருடம் ஜெயிப்பான், 16 வயதில் மற்றவன் எட்டிப் பிடித்துவிடுவான். உண்மையான சந்தேகம் இருந்தால் எழுத்தில் புகார் கொடுக்க வழி உண்டு. பிள்ளைகள் காதுபடப் பேச வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு ஒரு வருடம் குறைத்துப் பதியலாமா என்று யாராவது யோசனை சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள்.

தண்ணிக்குள்ள மூச்சடக்கப் பழகினா ஸ்டாமினா வருமாமே? பசங்க யார் அதிக நேரம்னு பந்தயம் வைக்கிறாங்க.

இதை நிறுத்துங்கள், இன்றைக்கே. வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு உள்ளே போய் அடக்கும்போது, மூச்சு வாங்க வேண்டும் என்ற தவிப்பு வருமுன்பே மூளைக்கு ஆக்ஸிஜன் குறைந்து நினைவு தப்பலாம். கை கால் உதறாது, சத்தம் இருக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். கோச் பக்கத்தில் நின்று சொல்லும் பயிற்சி மட்டும்தான், அதுவும் அளவோடு.

பத்தாவது வருது. நிறுத்திடலாம்னு இருக்கோம்.

முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரம் வந்தால் போதும். நன்றாகத் தூங்குவான், உட்கார்ந்து படிக்கவும் முடியும். போட்டிகளை மட்டும் பொதுத்தேர்வு முடியும்வரை தள்ளி வையுங்கள். சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, தமிழக அரசு வேலைகளிலும் 3 சதவீதம் உண்டு. எந்த அளவிலான போட்டிச் சான்றிதழ் செல்லும் என்பது அறிவிப்பில் இருக்கும். ஆனால் சான்றிதழுக்காகவே பிள்ளையைத் தண்ணீரில் இறக்குவது எனக்குச் சம்மதமில்லை, காலை ஐந்தரை மணிக் குளிரில் அந்தக் காரணம் நிற்காது.

இனிமே போட்டியே வேணாங்கறான். ஆனா குளத்துக்கு மட்டும் வரேங்கறான். என்ன பண்றது?

குளத்துக்கு வரட்டும். காரணத்தை இரண்டு வாரம் கழித்துக் கேளுங்கள், அப்போது உண்மை வரும். சில சமயம் கோச் எல்லார் முன்னாலும் கத்தியிருப்பார், சில சமயம் உடை மாற்றும் அறையில் யாரோ கேலி செய்திருப்பார்கள், சில சமயம் நம் முகம்தான் காரணம். முதல் இரண்டு என்றால் போய்ப் பேசித் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் கோச்சை மாற்ற வேண்டும்.

அடுத்த போட்டிக்கு ஏற்கனவே பெயர் கொடுத்திருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். கட்டிய பதிவுப் பணம் திரும்பி வராமல் போகலாம், அதைப் பிள்ளையிடம் சொல்லிக் காட்ட வேண்டாம். ரிலேயில் பெயர் இருந்தால் மட்டும் குறைந்தது ஒரு வாரம் முன்பே கோச்சிடம் தெரிவித்துவிடுங்கள், மற்ற மூன்று பிள்ளைகளுக்கு ஆள் தேட வேண்டும்.